மதுரைக்கு அடியில் ஒரு மலைத்தொடரின் வேர்

மதுரைக் காளவாசலிலிருந்து தேனிச் சாலையில் மேற்கே போனால் முதலில் நாகமலை கண்ணில் படும். தெற்கே சமணர் மலையும் திருப்பரங்குன்றமும் நிற்கும். உசிலம்பட்டியைத் தாண்டி ஆண்டிபட்டியை நெருங்கும்போது வடக்கே பழனி மலை நீலமாய்த் தெரியும். சமவெளியில் ஆங்காங்கே எழுந்து நிற்கும் இந்தக் குன்றுகளைத் தனித்தனி மலைகளாகவே பார்த்துப் பழகிவிட்டோம். நிலவியல் அவற்றை வேறு விதமாகப் பார்க்கிறது. இமயமலைக்கு இணையாக ஒரு காலத்தில் உயர்ந்திருந்த மலைத்தொடர் ஒன்றின் அடிப்பகுதி அவை. மேலே இருந்த மலை முழுவதும் கரைந்து போய்விட்டது. வேர் மட்டும் வெளியே தெரிகிறது.

இந்த முடிவுக்கு நிலவியலாளர்கள் எப்படி வந்தார்கள்? அந்த மலைத்தொடர் எப்போது, எந்த நிலப்பரப்புகளின் மோதலில் எழுந்தது? அவற்றுக்கு நடுவே இருந்த கடல் எங்கே மூடியது? நூறாண்டுக்கும் மேலான ஆய்வில் எது உறுதியாயிற்று, எது இன்னும் வழக்கில் இருக்கிறது என்று தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆழத்தைச் சொல்லும் தாதுக்கள்

ஒரு பாறை எவ்வளவு ஆழம் போய் வந்தது என்பதை அதிலுள்ள தாதுக்கள் சொல்லும். ஒவ்வொரு தாதுவும் குறிப்பிட்ட அழுத்த, வெப்ப எல்லைக்குள்தான் நிலைத்திருக்கும். எல்லை மாறினால் அது கலைந்து வேறு தாதுவாகும். பாறை உருகாமல் திண்ம நிலையிலேயே இப்படி மாறுவதைத்தான் உருமாற்றம் என்கிறோம். ஸ்காட்லாந்து மலைகளில் வெப்பம் கூடக்கூடத் தாதுக்கள் வரிசையாக மாறுவதை 1893இல் ஜார்ஜ் பாரோ வரைபடமாக்கிக் காட்டினார். பின்னர் பின்லாந்தின் பென்டி எஸ்கோலா, எந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் எந்தத் தாதுக் கூட்டம் உருவாகும் என்று வகைப்படுத்தினார். இன்றைய கணக்கீடுகளெல்லாம் அந்த அடித்தளத்தின் மேல் எழுந்தவை.

அழுத்தத்தை நிலவியலாளர்கள் கிலோபார் என்ற அலகில் சொல்வார்கள். ஒரு கிலோபார் என்பது நம் மேல் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. கண்டப் பாறைகளுக்குள் மூன்றரைக் கிலோமீட்டர் இறங்கினால் சுமார் ஒரு கிலோபார் கூடும். ஆகவே 10 கிலோபார் என்று ஒரு பாறை காட்டினால், அது தரைக்கு 35 கிலோமீட்டர் கீழே இருந்தது என்று பொருள். அழுத்தம் ஆழத்தைக் காட்டும். வெப்பம், அங்கே என்ன நடந்தது என்பதைக் காட்டும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் மலை பிறந்த கதை கிடைக்கும்.

காலத்தைச் சொல்ல வேறு சாட்சி வேண்டும். சிர்கான், மோனசைட் என்ற இரு தாதுக்களின் மணிகளுக்குள் யுரேனியமும் தோரியமும் சிக்கியிருக்கும். யுரேனியம்-238 பாதியாகக் குறைந்து ஈயமாக மாற 447 கோடி ஆண்டுகள் ஆகும். இந்த வேகம் மாறுவதில்லை என்பதால், மணிக்குள் சேர்ந்த ஈயத்தை அளந்தால் வயது தெரிந்துவிடும். ஒரே சிர்கான் மணியின் நடுப்பகுதி ஒரு காலத்தையும் அதைச் சுற்றி வளர்ந்த விளிம்பு மற்றொரு காலத்தையும் காட்டுவதுண்டு. தமிழகப் பாறைகளில் இது அடிக்கடி நடக்கிறது. இங்கே எழுந்த விவாதங்கள் பலவற்றுக்கு அதுவே காரணம்.

பல்லாவரத்தில் தொடங்கிய ஆய்வு

பாரோ ஸ்காட்லாந்தில் உழைத்துக்கொண்டிருந்த அதே 1893இல், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலந்து கொல்கத்தாவில் ஒரு கல்லறைக் கல்லை ஆராய்ந்து எழுதினார். அந்நகரை நிறுவியவராகச் சொல்லப்பட்டு வந்த ஜாப் சார்னாக்கின் கல்லறை அது. சென்னைக்கு அருகிலிருந்து போன அந்தக் கல்லும் பல்லாவரம், பரங்கிமலைப் பாறையும் ஒன்றே என்று கண்டு, அதற்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். 1900இல் அவர் வெளியிட்ட விரிவான நூலுக்குப் பின் அந்தப் பெயர் உலக நிலவியலில் நிலைத்தது. அண்டார்டிகாவிலும் நார்வேயிலும் அதே வகைப் பாறையைக் கண்டவர்கள் அந்தப் பெயரையே பயன்படுத்தினார்கள்.

பச்சையும் கருமையும் கலந்து எண்ணெய்ப் பளபளப்போடு இருக்கும் இந்தப் பாறையில் தனிச்சிறப்பு உண்டு. சாதாரண கருங்கல்லில் உள்ள மைக்கா, ஹார்ன்பிளெண்டு போன்ற தாதுக்கள் நீரைத் தம் அமைப்புக்குள் பிடித்து வைத்திருக்கும். சார்னோக்கைட்டில் அவற்றின் இடத்தில் நீரற்ற பைராக்சின் இருக்கிறது. கண்டத்தின் அடிப்பகுதியில் நீர் வெளியேறி உலர்ந்த நிலையில் வெந்த பாறை இது என்பதற்கு அதுவே சான்று. நீர் எப்படி வெளியேறியது? கர்நாடகத்தின் கப்பால்துர்காவில் சாம்பல் நிற நைஸ் பாறை திட்டுத் திட்டாகச் சார்னோக்கைட்டாக மாறியிருப்பதை ஜனார்த்தன், நியூட்டன், ஸ்மித் ஆகியோர் 1979இல் விளக்கினார்கள். ஆழத்திலிருந்து எழுந்த கரியமில வாயு நீரை நீர்த்துப்போகச் செய்தது என்பது அவர்கள் வாதம். பாறை ஓரளவு உருகியபோது உருகிய குழம்பு நீரை எடுத்துக்கொண்டு போய்விட்டது என்பது மற்றொரு வாதம். இரண்டும் வெவ்வேறு இடங்களில் நடந்திருக்கலாம் என்றே இன்றைய சான்றுகள் காட்டுகின்றன.

சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை, கொடைக்கானல், சிறுமலை உட்பட, இத்தகைய பாறைகளே நிலத்தின் அடித்தளமாக இருக்கின்றன. ஆழத்தில் இப்படி உலர்ந்து வெந்த பாறைகளைக் கிரானுலைட் என்பதால், இப்பரப்பு முழுவதும் தென்னிந்தியக் கிரானுலைட் நிலம் எனப்படுகிறது. அதில் பாலக்காடு–காவிரிப் பட்டைக்குத் தெற்கிலும் அச்சன்கோவில் பட்டைக்கு வடக்கிலும் உள்ள பெரும்பகுதிக்கு நிலவியலாளர்கள் வைத்த பெயர் மதுரை வட்டாரம். உலக நிலவியல் இதழ்களில் மதுரை என்ற பெயர் இவ்வளவு முறை அச்சேறியதற்குக் கோயில் காரணமல்ல, இந்தப் பாறைகள்தான் காரணம்.

பழனி மலை காட்டிய வெப்பம்

மதுரை வட்டாரத்தின் மிகப் பெரிய சாட்சிகள் கொடைக்கானல் மலையடியில் கிடைத்தன. வத்தலக்குண்டு–பெரியகுளம் சாலையில் உள்ள கங்குவார்பட்டியில் சஃபிரின் என்ற நீலத் தாது உள்ள பாறைகளை மோகன், ஆக்கர்மாண்ட், லால் ஆகியோர் 1986இல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். மக்னீசியமும் அலுமினியமும் மிகுந்த இந்தத் தாது குவார்ட்சோடு ஒட்டி நிலைத்திருக்க ஏறக்குறைய 1000 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். 1997இல் ரைத், கர்மாகர், பிரவுன் ஆகியோர் பழனி மலையின் சஃபிரின் பாறைகள் அந்த மீவெப்பத்தைத் தொட்டதையும், பின்னர் படிப்படியாக அழுத்தம் குறைந்து மேலே வந்ததையும் தாதுக்களின் விளிம்புகளைக் கொண்டே நிறுவினார்கள். 2004இல் ராஜபாளையம் பகுதியிலும் அதே கதை வெளிப்பட்டது. 2011இல் பிராண்ட் குழுவினர், பழனி மலைப் பாறைகள் மீவெப்பத்தை மட்டுமல்லாமல் உயர் அழுத்தத்தையும் கண்டவை என்று காட்டி, அதன் காலத்தைப் புரட்டெரோசோயிக் யுகத்தின் இறுதிக்கு, அதாவது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று வைத்தார்கள்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழனி மலைப் பாறைகளின் அழுத்தம் 30 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தைக் காட்டுகிறது. அவை இன்று தரைமேல் இருக்கின்றன. அப்படியிருந்தும் அவற்றுக்குக் கீழே இன்னும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தடிமனுக்குக் கண்டப் பாறை இருப்பதை நில அதிர்வு அலை ஆய்வுகள் சொல்கின்றன. குப்பத்திலிருந்து பழனி வரை நடத்தப்பட்ட பெரும் ஆய்வின் முடிவுகளை இந்திய நிலவியல் கழகம் 2003இல் நூலாக வெளியிட்டது. கரைந்து போனதையும் மிஞ்சியிருப்பதையும் கூட்டினால் 70 கிலோமீட்டர் வருகிறது. இன்றைய திபெத்தின் கண்டப் பாறைத் தடிமனும் அதே அளவுதான். அடியில் பின்னாளில் வந்து சேர்ந்த எரிகுழம்பு கொஞ்சம் இருந்திருக்கலாம். அதைக் கழித்தாலும் இங்கே ஒரு பெரும் மலைத்தொடர் இருந்ததென்பதை மறுக்க வழியில்லை.

அது எப்போதோ தேய்ந்தும் போயிற்று. சிவகங்கை அருகே டைனோசர் காலத்துப் படிவுகள் இதே கிரானுலைட் பாறைகளின் மேல் படிந்திருக்கின்றன. அந்தப் படிவுகள் சேர்ந்த காலத்திலேயே மலையின் வேர் தரைமட்டத்துக்கு வந்துவிட்டிருந்தது.

இவ்வளவு வெப்பம் எங்கிருந்து வந்தது?

கண்டத்துக்குள் 35 கிலோமீட்டர் ஆழத்தில் வழக்கமாக 500, 600 டிகிரி வெப்பம்தான் இருக்கும். பழனி மலை 1000 டிகிரியைத் தொட்டது. மிச்சமுள்ள 400 டிகிரிக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

புவியின் மூடகத்திலிருந்து எழுந்த எரிகுழம்பு அடியில் தேங்கிச் சூடேற்றியது என்பது ஒரு விடை. அதற்கேற்ற அளவில் அக்காலத்துக் குழம்புப் பாறைகள் மதுரை வட்டாரத்தில் வெளிப்படவில்லை என்பது இதன் பலவீனம். கிறிஸ் கிளார்க் தலைமையிலான ஆய்வாளர்கள் 2011இலும் 2015இலும் வேறு விடையை முன்வைத்தார்கள். மோதலால் தடித்துப்போன கண்டத்தில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவை சிதைந்து வெளியிடும் வெப்பமே போதும். மேலே உள்ள தடித்த பாறை கம்பளிப் போர்வையாய் மூடியிருக்க, உள்ளே பிறந்த வெப்பம் வெளியேற முடியாமல் கோடிக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்துகொண்டே போனது என்கிறார்கள். அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. மலை நீண்ட காலம் நிற்க வேண்டும், அரிப்பு மெதுவாக நடக்க வேண்டும். இங்குள்ள சிர்கானும் மோனசைட்டும் பல கோடி ஆண்டுகளுக்குப் பரந்து விரிந்த வயதுகளைக் காட்டுவது இந்த விளக்கத்துக்குத் துணை நிற்கிறது. தென் தமிழகப் பாறைகளில் தோரியம் மிகுதி என்பதற்கு மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட் மணலே சான்று. என் மதிப்பீட்டில், மதுரை வட்டாரத்தைப் பொறுத்தவரை இந்த இரண்டாம் விடைக்கே எடை அதிகம்.

கடல் எங்கே மூடியது?

இரண்டு கண்டங்கள் மோதினால் நடுவிலிருந்த கடலின் தரை ஒன்றின் கீழ் அமிழ்ந்து போயிருக்க வேண்டும். அது மறைந்த இடத்தை மூட்டுவாய் எனலாம். அந்த இடத்தில் இரண்டு தடயங்களைத் தேடுவார்கள். ஒன்று, தப்பி மேலே வந்த கடல்தரைத் துண்டுகள். மற்றொன்று, பெரும் ஆழத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டு மீண்ட எக்லோகைட். சிவந்த கார்னெட்டும் பச்சைப் பைராக்சினும் நிறைந்த கனத்த பாறை அது. அதற்கு 1822இல் பெயர் வைத்தவர் பிரான்சின் ஹாவி.

தமிழகத்தில் இந்தத் தேடல் பாலக்காடு–காவிரிப் பட்டையில் குவிந்தது. 1980இல் ட்ரூரி, ஹோல்ட் இருவரும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களிலிருந்து, பாறைகள் ஒன்றோடொன்று உரசி இழுபட்ட பெரும் பட்டைகளைத் தென்னிந்தியாவில் அடையாளம் கண்டார்கள். 2007இல் ஆலன் காலின்ஸ் குழுவினர், கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் நடுவே இருந்த மொசாம்பிக் பெருங்கடலின் மூட்டுவாய் இந்தப் பட்டையின் வழியாகவே போகிறது என்றார்கள். 2009இல் சந்தோஷ், மாருயாமா, சாட்டோ மூவரும் அதைக் கேம்பிரியன் காலத்து மூட்டுவாய் என்றே விரித்து எழுதினார்கள்.

அதே 2009இல்தான் மிக முக்கியமான தடயம் வெளியானது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் அனார்த்தோசைட் பாறைக்குள் 20 சென்டிமீட்டர் அகலமே உள்ள ஓர் அடுக்கில், பாதி சிதைந்த எக்லோகைட்டைச் சஜீவ், விண்ட்லி, கானலி, கோன் ஆகியோர் கண்டார்கள். அது 20 கிலோபார் அழுத்தத்தையும் 1020 டிகிரி வெப்பத்தையும் பார்த்த பாறை. ஆழக் கணக்கில் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். சித்தம்பூண்டிப் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்திருப்பதால், அதையும் குன்னமலைப் பாறையையும் பொடித்துத்தான் சந்திரயான்-2 திட்டத்துக்கு இஸ்ரோ செயற்கை நிலவு மண் தயாரித்தது. அந்தச் செய்தியை நாடே அறியும். அதே பாறைக்குள் ஒரு சாண் அகல அடுக்கு பண்டைக் கடலின் கதையைத் தாங்கி நிற்பதைப் பலர் அறியார்.

இங்கேதான் வழக்கு தொடங்குகிறது. சித்தம்பூண்டிப் பாறை பிறந்து 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அது ஆழம் போனது அப்போதா, 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பா? சேலத்துக் கஞ்சமலை இதற்கு ஒரு பதில் தந்தது. அங்குள்ள கார்னெட் நிறைந்த பாறைகள் சுமார் 249 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, 50 கிலோமீட்டர் அளவிலான ஆழத்தில் உயர் அழுத்த உருமாற்றம் பெற்றவை என்று ஆண்டர்சன் குழுவினர் 2012இல் காட்டினார்கள். உலகில் இவ்வளவு பழைய உயர் அழுத்தக் கிரானுலைட்டுகள் மிக அரிது. 2019இல் பிரியதர்ஷி சௌத்ரியும் சுமித் சக்ரவர்த்தியும் இப்பகுதியின் உயர் அழுத்தக் கிரானுலைட்டுகள் அதிக வெப்பத்தில் மெதுவாகக் குளிர்ந்தவை என்று கண்டு, அக்காலப் புவித்தட்டு இயக்கம் இன்றையதைப் போன்றதுதானா என்ற கேள்வியை எழுப்பினார்கள்.

கடல்தரைத் துண்டுகளும் ஒரே குரலில் பேசவில்லை. நாமக்கல் பகுதியின் தேவனூர்த் துண்டுக்கு வயது சுமார் 253 கோடி ஆண்டு. முசிறி அருகிலுள்ள மணமேட்டுத் துண்டுக்கு 70 முதல் 80 கோடி ஆண்டு. இரண்டும் காவிரியை ஒட்டிய ஒரே பட்டைக்குள் இருக்கின்றன.

மூட்டுவாய் வேறிடத்தில் இருக்கலாம் என்ற கருத்தும் வலுவாகவே இருக்கிறது. கோஷ், டி விட், சார்ட்மன் மூவரும் 2004இல் கரூர், கம்பம், பைனாவு, திருச்சூர் வழியாக வளைந்து போகும் மற்றொரு பட்டையை முன்வைத்தார்கள். பிளாவ்சா குழுவினர் 2012 முதல் வெளியிட்ட சிர்கான் ஆய்வுகள், மதுரை வட்டாரமே ஒரே நிலமல்ல என்று காட்டின. கொடைக்கானல் உள்ளிட்ட வடமேற்குப் பகுதியின் சார்னோக்கைட்டுகள் 250 கோடி ஆண்டுப் பழமை கொண்டவை. தென்கிழக்குப் பகுதி அதைவிட மிக இளையது. பழமையும் இளமையும் சந்திக்கும் கோடு மதுரை வட்டாரத்துக்கு உள்ளேயே போகிறது. வடமேற்குப் பகுதி பழைய தென்னிந்தியாவோடு முன்பே சேர்ந்த நிலம் என்றால், 55 கோடி ஆண்டுக்கு முந்தைய கடல் காவிரியோரத்தில் அல்லாமல் அதற்குத் தெற்கே மூடியிருக்க வேண்டும்.

இமயத்தோடும் இலங்கையோடும் ஒப்பிட்டால்

லடாக்கின் சோ மோரிரி ஏரிப் பகுதி எக்லோகைட்டில் கோசைட் கிடைத்திருக்கிறது. குவார்ட்சின் மிக உயர் அழுத்த வடிவம் அது. சுமார் ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியத் தட்டின் விளிம்பு ஆசியாவுக்குக் கீழே 90 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போய் விரைவாக மீண்டதன் அடையாளம். கண்டப் பாறை அவ்வளவு ஆழம் போய் வரும் என்பதை உலகம் 1984இல்தான் அறிந்தது. ஆல்ப்ஸில் சோப்பானும் நார்வேயில் ஸ்மித்தும் அந்த ஆண்டு கோசைட்டைக் கண்டார்கள். வேகமாகக் கீழே போகும் பாறை சூடேறுவதற்குள் பேரழுத்தத்தைச் சந்திக்கிறது. இது குளிர்ந்த பாதை. பழனி மலை நடந்தது சூடான பாதை. இவ்விரு வகை உருமாற்றங்களும் பூமியில் இணையாகப் பதிவாவது புவித்தட்டு இயக்கத்தின் முத்திரை என்று மைக்கேல் பிரவுன் 2006இல் வாதிட்டார். இமயத்தில் சூடான அடிப்பகுதி இன்னும் திபெத்துக்குக் கீழே புதைந்து கிடக்கிறது, நம்மால் தொட முடியாது. அங்கே இப்போது என்ன நடக்கிறது என்று அறிய விரும்பும் ஆய்வாளர் கொடைக்கானல் மலைச்சாலைக்கு வந்து பார்க்கலாம்.

இந்தச் சூடான பாதை தமிழகத்தோடு முடிவதில்லை. இலங்கையின் மத்திய மலைநாடு அடங்கிய ஹைலண்ட் தொகுதியிலும் சஃபிரின் கொண்ட மீவெப்பக் கிரானுலைட்டுகள் இருக்கின்றன. காலமும் 55 கோடி ஆண்டுகளை ஒட்டியதே. இரத்தினபுரி ஆற்றுப் படிவுகளில் அள்ளும் மணிக்கற்கள் அந்த உருமாறிய பாறைகளிலிருந்து உதிர்ந்தவை. மடகாஸ்கரும் கிழக்கு அண்டார்டிகாவும் இதே வரிசையில் சேர்கின்றன. கோண்ட்வானா என்ற பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது எழுந்த மலைத்தொடரின் துண்டுகள்தான் இன்று மூன்று நாடுகளிலும் அண்டார்டிகாவிலுமாகச் சிதறிக் கிடக்கின்றன.

தொகுத்துச் சொன்னால்

சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் மதுரை வட்டாரம் ஒரு பெரும் மோதல் மலையின் அடியில் இருந்தது என்பது உறுதி. அதன் பாறைகள் 1000 டிகிரி அளவுக்கு வெந்ததும் உறுதி. அதற்கும் 195 கோடி ஆண்டுகள் முன்னதாகவே காவிரிப் பட்டையில் உயர் அழுத்த நிகழ்வு ஒன்று நடந்ததும் நிலைநாட்டப்பட்டுவிட்டது. பிந்தைய கடல் மூடிய இடம் மட்டும் வழக்கில் இருக்கிறது. காவிரிப் பட்டை முதலில் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவாகி, பின்னர் வந்த மோதலில் மீண்டும் இழுபட்ட பழைய தழும்பு என்ற கருத்தே சான்றுகளோடு அதிகம் பொருந்துவதாக நான் கருதுகிறேன். அதை முடிவாக்க, வெப்பமும் அழுத்தமும் பதிந்த அதே தாதுவிலிருந்தே வயதையும் எடுக்கும் ஆய்வுகள் இன்னும் வேண்டும்.

அந்த ஆய்வுகளுக்குப் பாறை மிஞ்ச வேண்டும். இதுதான் கவலை. குவாரிகள் புதிய பாறை முகங்களைத் திறந்து காட்டுகின்றன, ஆய்வாளர்கள் அவற்றில் பயனடைந்தும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு சாண் அகல எக்லோகைட் அடுக்கு ஜல்லியாகிவிட்டால் அதை மறுபடி உண்டாக்க வழியில்லை. தமிழகத்தில் தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டவை பரங்கிமலைச் சார்னோக்கைட், திருவக்கரை, சாத்தனூர், காரை ஆகியவை. இவற்றுள் முதலாவது மட்டுமே உருமாறிய பாறை. மேலூருக்கு அருகே அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. அதை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024 நவம்பரில் வந்தபோது ஊர்மக்கள் திரண்டு எதிர்த்து, 2025 ஜனவரியில் ரத்துசெய்ய வைத்தார்கள். மலை தங்களுடையது என்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

கங்குவார்பட்டி, சித்தம்பூண்டி, கஞ்சமலை ஆகிய மூன்று இடங்களிலும் ஆய்வுக்கு அடிப்படையான பாறை வெளிப்பாடுகளை அளந்து, எல்லை கட்டி, நிலவியல் பாரம்பரியத் தலங்களாக அறிவிக்க வேண்டும். தமிழக அரசும் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை இது. மதுரைப் பள்ளி ஆசிரியர்கள் தம் மாணவர்களை ஒரு முறையேனும் அருகிலுள்ள குன்றுக்கு அழைத்துப் போய், இது இமயம்போல் இருந்த மலையின் வேர் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். தெரிந்த பாறையைத்தான் ஊர் காக்கும்.